பின்பம்பரில் ஓர் ஒட்டு

அந்த வெள்ளைக் கார் எங்கள் ஷெட்டுக்கு வந்த அன்று, நானும் என் கணவரும் பேசிக்கொள்ளாமல் பதினொரு நாள் ஆகியிருந்தது. ஒரே வீடு, ஒரே பைக், ஒரே வேலை. காலையில் அவர் பின்னால் உட்கார்ந்து ஷெட்டுக்குப் போவேன். சாயங்காலம் அவர் பின்னாலேயே உட்கார்ந்து வீட்டுக்கு வருவேன். நடுவில் "கத்தியை எடு", "தண்ணி வந்துடுச்சு" என்கிற அளவில்தான் எல்லாம்.

ஷெட் ஸ்ரீரங்கத்தில், கோயிலுக்கு வடக்கே, கொள்ளிடக் கரைக்குப் போகிற வழியில் இருந்தது. தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர். வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவது எங்கள் தொழில். ஆரம்பத்தில் நம்பர் பிளேட்டும் ஸ்கூல் வேன்களுக்கான எழுத்தும்தான். பிறகு முழுக் காரையும் நிறம் மாற்றுகிற வேலை வரத் தொடங்கியது. பெயின்ட் அடிப்பதற்குப் பதிலாக, காரின் உடம்பு முழுவதும் வினைல் ஷீட்டை இழுத்து ஒட்டிவிடுவது. அலுத்துப்போனால் உரித்துக்கொள்ளலாம். அவரோடு வேலை பார்த்தவர் துபாய்க்குப் போனதும் அந்த இடத்துக்கு நான் வந்தேன். அதுவரை ஒரு அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். என் விரல்கள் ஒல்லி. கதவுக் கைப்பிடிக்குள், பக்கக் கண்ணாடிக்கு அடியில் என்று அவர் கை போகாத இடத்துக்கெல்லாம் என் கை போகும். ஒரு வருஷத்தில் அவரைவிட நன்றாக ஒட்டக் கற்றுக்கொண்டேன். அதை அவரும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை.

காரைக் கொண்டுவந்தவர் கே.கே. நகரில் கல்யாணங்களுக்கு வண்டி வாடகைக்கு விடுகிறவர். ஐம்பது வயதிருக்கும். ஷெட்டுக்குள் வரும்போதே செருப்பை வெளியில் விட்டுவிட்டு வந்தார்.

"முழுசா குரோம் போடணும். சில்வர். மாப்பிள்ளை வந்து இறங்கினா வண்டி கண்ணாடி மாதிரி இருக்கணும்," என்றார்.

என் கணவர் காரைச் சுற்றி வந்தார். "குரோம் கொஞ்சம் கஷ்டம் சார். மத்த ஷீட்டு மாதிரி வளையாது."

"தெரியும். ஏற்கனவே வெளியூர்ல ஒருத்தர்கிட்ட ஒரு வண்டி குடுத்தேன். எங்க பாத்தாலும் கோடு. கல்யாண போட்டோவுல அப்படியே தெரியுது. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். ஒட்டு தெரியக் கூடாது."

"தெரியாம பண்ணிடலாம் சார்."

"ஆடி முடியட்டும். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு வண்டி எனக்கு வேணும்," என்று சொல்லிவிட்டு, என்னையும் பார்த்து, "பாத்துக்கங்கம்மா," என்றார்.

ஒட்டு என்று அவர் சொன்னது, ஒரு ஷீட்டும் இன்னொரு ஷீட்டும் சேருகிற இடம். ரோலின் அகலம் ஐந்தடி. ஒரு காரின் உடம்பை ஒரே துண்டில் மூட முடியாது. கதவுக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று என்று வெட்டினால், ஓரங்கள் இடுக்குகளுக்குள் மடங்கிப் போய்விடும். அங்கே சிக்கல் இல்லை. சிக்கல் எல்லாம் பம்பரில்தான். அது குழியும் மேடுமாக இருக்கும். மற்ற ஷீட்டைச் சூடு காட்டி இழுத்தால் ரப்பர் மாதிரி வரும். குரோம் வராது. சூடு ஒரு நொடி கூடினாலும் பளபளப்பு செத்து, மேலே பால் ஆடை படிந்த மாதிரி வெளுத்துவிடும். ஒட்டிய இடத்தைத் தூக்கி மறுபடி ஒட்டினால் கோடு விழும். அடியில் ஒரு மணல் இருந்தால் பருப்பு அளவுக்குத் தெரியும். எங்கள் ஷெட்டுக்கு எதிரே கொள்ளிடம். மாதமோ ஆடி.

பதினொரு நாளாகப் பேசாமல் இருந்ததற்குக் காரணம் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. ஆனால் அதை மட்டும் சொன்னால் புரியாது.

எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். குழந்தை இல்லை. ஐந்தாவது வருஷம் இரண்டு பேரும் ஒன்றாகப் போய் எல்லா டெஸ்டும் எடுத்தோம். டாக்டரம்மா ரிப்போர்ட்டை எங்கள் பக்கம் திருப்பிவைத்து, எனக்கு எந்தக் குறையும் இல்லை என்றும், என் கணவருக்கு உயிரணுக்கள் ஏறக்குறைய இல்லவே இல்லை என்றும், இதற்கு மருந்து கொடுத்துப் பெரிய பலன் இருக்காது என்றும் மெதுவாகச் சொன்னார். திரும்பி வரும்போது அவர் காவிரிப் பாலத்தில் பைக்கை ஓரமாக நிறுத்தினார். ஆற்றில் தண்ணீர் இல்லை. நடுவில் ஒரு ஓடை மட்டும் போய்க்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்தார்.

"வீட்ல இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்," என்றார்.

"சரிங்க," என்றேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் என் மாமியார் அவரிடம் கேட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். "அவளுக்குத்தான் கொஞ்சம் பாக்கணுமாம்மா," என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. பால் பொங்கி வந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். போய் மறுக்கவில்லை. அவரே ஒரு நாள் மாற்றிச் சொல்வார் என்று நினைத்தேன். நான்கு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மாமியார் கெட்டவர் இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் என் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார். தாயார் சன்னதியில் என் பெயருக்கு நெய் விளக்குப் போடுவார். நாட்டு மருந்துக் கடையில் சொன்னதாக நாற்பத்தெட்டு நாள் ஒரு கஷாயம் காய்ச்சிக் கொடுத்தார். குடித்தால் நாக்கு ராத்திரி வரை மரத்துக் கிடக்கும். எனக்குத் தேவையில்லாத மருந்து என்று தெரிந்தே குடித்தேன். என் கணவர் தம்ளரை வாங்கிக் கழுவி வைப்பார். உறவில் ஒரு வளைகாப்பில் வளையல் போட நான் எழுந்தபோது, பக்கத்தில் இருந்த மாமியார் என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். "யாராவது ஏதாவது சொல்லிடுவாங்கம்மா. அதுக்குத்தான்," என்றார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் கூடத்தில் இருந்தோம். அவர்கள் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், நான் பரிமாறினேன்.

"தொட்டியத்துல ஒரு பொண்ணு இருக்காம்," என்றார் மாமியார், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. "இருபத்தெட்டு வயசு. புருஷன் ஆக்சிடென்ட்ல போயிட்டான். சும்மா ஒருதரம் போய்ப் பாத்துட்டு வரலாம்னு."

நான் குழம்புக் கரண்டியோடு நின்றேன்.

"இவளை யாரு போகச் சொல்றா? இவளும் இருக்கட்டும். இவளை நான் பெத்த பொண்ணாத்தான் வெச்சிருக்கேன்."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தலையைத் தூக்கவில்லை. சோற்றில் குழி பறித்துக்கொண்டு, "ரசம் ஊத்து," என்றார்.

ஊற்றினேன். அன்றிலிருந்து என்னால் அவரோடு பேச முடியவில்லை.

குரோம் ஒட்ட இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் ஷீட்டை விறைப்பாகப் பிடிக்க வேண்டும், மற்றவர் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். பிடி தளர்ந்தால் சுருக்கம் விழும். அதனால் பேசாமல் இருக்க முடியாது. "இழு", "கொஞ்சம் தூக்கு", "போதும்", "விடு". காற்று எழுவதற்கு முன், காலை ஆறு மணிக்கே ஷெட்டைத் திறந்து, திறந்திருந்த பக்கத்தை நனைத்த படுதாவால் மூடி, தரையெல்லாம் தண்ணீர் தெளித்துவிட்டு ஆரம்பிப்போம். பத்து மணிக்கு மேல் மணல் வந்துவிடும். அப்புறம் வெட்டுவது, அளப்பது, துடைப்பது மட்டும்.

மூன்றாம் நாள் கூரைக்குப் போட்டோம். காருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். பாதி ஒட்டியிருந்தது. குனிந்து தேய்த்தபோது என் முகம் அதில் தெளிவாகத் தெரிந்தது. மூக்குக்குக் கீழே இரண்டு பக்கமும் கோடு விழுந்திருந்ததை அன்றுதான் கவனித்தேன்.

"அன்னைக்கு அம்மா சொன்னதுக்கு நான் என்ன சொல்ல முடியும்?" என்றார் அவர் திடீரென்று.

நான் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "வேண்டாம்னு சொல்லலாமே."

"சொன்னா ஏன்னு கேப்பாங்க."

"கேட்டா சொல்லுங்க."

அவர் ஷீட்டின் ஓரத்தை மாற்றிப் பிடித்தார். "பிடி தளருது. நல்லா இழு," என்றார்.

அவருக்கு என்மேல் பிரியம் இல்லை என்று சொல்ல மாட்டேன். எனக்குக் காய்ச்சல் என்றால் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவரால் தன் தாயிடம் சொல்ல முடியவில்லை. அது அவருக்கு எவ்வளவு பெரிய வார்த்தை என்று எனக்கும் புரியாமல் இல்லை. ஆனால் அதைச் சொல்லாமல் இருப்பதற்கான விலையை என் உடம்பு கொடுத்துக்கொண்டிருந்தது.

ஆடிப்பெருக்கு அன்று ஜீயபுரத்தில் என் அக்கா வீட்டுக்குப் போனேன். வருஷா வருஷம் அங்கே காவிரிப் படித்துறையில்தான் தாலிக் கயிறு மாற்றிக்கொள்வேன். அந்த வருஷம் தண்ணீர் படி தொட்டுப் போனது. அக்கா புது மஞ்சள் கயிற்றைக் கோர்த்து என் கழுத்தில் போட்டுவிட்டு, "ஏன்டி இப்படி இளைச்சுப் போயிட்டே?" என்றாள். வேலை ஜாஸ்தி என்றேன். அவளிடமும் நான் எதையும் சொன்னதில்லை. என் வீட்டார் எல்லோரும் என்னிடம்தான் குறை என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். என் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்று பொன்மலையில் தனியாக இருந்தார். "உன் மாப்பிள்ளை தங்கமானவர்ம்மா. வேற ஒருத்தனா இருந்தா உன்னைக் கொண்டாந்து விட்டிருப்பான்," என்று ஒருமுறை என்னிடமே சொன்னார்.

மறுநாள் காலை ஷெட்டுக்குப் போனபோது, பின்பம்பரை அவர் தனியாகவே முடித்திருந்தார். நான் குனிந்து பார்த்தேன். பம்பரின் நடுவில், நம்பர் பிளேட்டுக்கு இரண்டு பக்கமும், ஒரு கோடு ஓடியது.

நடந்ததை ஊகிக்க முடிந்தது. முழு பம்பரையும் ஒரே துண்டில் இழுக்கப் பார்த்திருக்கிறார். கீழே குழிவில் ஷீட் படியவில்லை. சூடு காட்டியிருக்கிறார். வெளுத்துவிட்டது. வெளுத்த கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, வேறு துண்டு வைத்து ஒட்டியிருக்கிறார். அதிலும் கீழ்த் துண்டை மேல் துண்டின் மேலே ஏற்றியிருந்தார். ஓட்டுக் கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் படிகிற மாதிரி, மேல் துண்டுதான் கீழே இறங்கிப் படிய வேண்டும். அப்போது விளிம்பு தரையைப் பார்க்கும். நிற்கிறவர் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீரும் வழிந்துவிடும். இதில் விளிம்பு வானத்தைப் பார்த்தது. அதில் இப்போதே புழுதி உட்கார்ந்திருந்தது.

"இதைப் பிரிச்சிடலாங்க," என்றேன்.

"ரோல் பத்தாது. முழுத் துண்டு வராது. நாளைக்கு அவர் பாக்க வர்றார்."

"இது தெரியும்."

"யாரு குனிஞ்சு பாக்கப்போறா?" என்று சொல்லிவிட்டு அவர் கையைக் கழுவப் போய்விட்டார்.

கே.கே. நகர்க்காரர் மறுநாள் ஒன்பது மணிக்கு வந்தார். உள்ளே இருட்டில் பார்த்தபோதே முகம் மலர்ந்துவிட்டது. "அடேயப்பா," என்றார். பானெட்டில் தன் முகத்தைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். என் கணவர் காரை வெளியே எடுத்தார். வெயில் விழுந்ததும் கண் கூசியது. பின்பக்கம் வந்தவர் அப்படியே நின்றார். குனியத் தேவையே இருக்கவில்லை. வெயிலில் அந்தக் கோடு பேனாவால் போட்டது போலக் கறுப்பாகத் தெரிந்தது.

"இது என்னங்க?"

என் கணவர் வண்டியிலிருந்து இறங்கி வந்தார். கோட்டைப் பார்த்தார். பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "அது வீட்ல போட்டது சார். அவங்களுக்கு இன்னும் முழுசாப் பழக்கமில்ல," என்றார்.

அவர் குரலில் எந்தத் தடுமாற்றமும் இல்லை. பொய் சொல்கிறோம் என்கிற நினைப்பே இல்லாமல், தண்ணீர் குடிக்கிற மாதிரி சொன்னார். நான்கு வருஷத்துக்கு முன் அடுப்படியில் நின்று கேட்ட அதே குரல்.

வந்தவர் நல்ல மனிதர். என்னைப் பார்த்து, "பரவாயில்லம்மா. பழகப் பழக வந்துடும்," என்றார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அப்போது என் வாயிலிருந்து வந்தது, "ரெண்டு நாள் குடுங்க சார். மாத்திக் குடுத்துடறோம்," என்பதுதான்.

அவர் போனபிறகு நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"நான் போட்டேனா அதை?"

"விடு. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"நான் போட்டேனா?"

"நான் போட்டேன்னு சொன்னா கடையைப் பத்தி என்ன நினைப்பார்? நீன்னா அவர் கோவிச்சுக்க மாட்டார்ல. கோவிச்சுக்கிட்டாரா? இல்லையே," என்றார். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. என் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் பயந்துபோய், "இப்ப என்ன ஆயிடுச்சு?" என்றார்.

மிச்சமிருந்த ரோலை விரித்து அளந்தேன். முழு பம்பருக்கு வராது என்று அவர் சொன்னது சரிதான். ஆனால் இரண்டாகப் பிரித்து, ஒட்டு வருகிற இடத்தை நாமே முடிவு செய்தால் போதும். பம்பரின் அடியில், விளிம்பு உள்ளே வளைகிற இடத்தில் ஒரு மடிப்பு ஓடும். எப்போதும் நிழல் விழுகிற இடம் அது. அங்கே கொண்டுபோய் ஒட்டை வைத்தால் வெயிலே அதைத் தொடாது.

பழையதை முழுவதும் உரித்தேன். பசை போகத் துடைக்கவே ஒரு நாள் ஆயிற்று. மறுநாள் காலை முதலில் அடிப்பகுதிக்கும் நம்பர் பிளேட் குழிக்கும் தனித்தனித் துண்டு போட்டேன். மடிப்பின் மேல் நூல் டேப்பை ஓடவிட்டேன். அந்த டேப்புக்குள் ஒரு நூல் இருக்கும். மேலே ஷீட்டை ஒட்டிவிட்டு நூலை இழுத்தால் அதுவே ஷீட்டை அறுத்துக்கொண்டு வரும். பெயின்டில் கத்தி படாது. பிறகு மேல் துண்டு. அதற்கு ஒரு கை போதாது.

"பிடிங்க," என்றேன்.

அவர் வந்து ஒரு முனையைப் பிடித்தார். நான் சொன்னபடி இழுத்தார், சொன்னபடி தளர்த்தினார். ஒரு மணி நேரம் மண்டியிட்டுக் கிடந்து தேய்த்தேன். நூலை இழுத்ததும் ஓரம் சுத்தமாகப் பிரிந்தது. மேல் துண்டு கீழ்த் துண்டின்மேல் ஒரு நூல் அளவு மட்டும் ஏறிப் படிந்தது. விரலை வைத்துத் தடவினால்தான் தெரிந்தது. கண்ணுக்கு ஒன்றுமே இல்லை.

"நல்லா வந்திருக்கு," என்றார் அவர்.

அதுதான் என் வேலையைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. எனக்கு அதைக் கேட்டு எதுவும் தோன்றவில்லை.

வண்டி போன அன்று அவரை ஷெட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் மத்தியானமே வீட்டுக்கு நடந்து வந்தேன். மாமியார் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்தேன். நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன்.

"அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். குறை எனக்கில்ல. அவருக்குத்தான். நாலு வருஷமா எனக்குத் தெரியும்."

அவர் கை நிற்கவில்லை. இலை தாம்பாளத்தில் விழுந்துகொண்டே இருந்தது.

"தெரியும்மா," என்றார்.

நான் சரியாகக் கேட்டேனா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது.

"பதினஞ்சு வயசுல அவனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துச்சு. கழுத்தோட நிக்கல. கீழேயும் எறங்கிடுச்சு. பத்து நாள் படுக்கையில கிடந்தான். பின்னாடி பிள்ளை பிறக்கிறதுல கஷ்டம் வரலாம்னு டாக்டர் அப்பவே சொன்னார். அவன்கிட்ட நான் சொல்லல. பெருமாள் பாத்துப்பார்னு விட்டுட்டேன்."

"அப்ப எனக்கு ஏன் அந்தக் கஷாயம் எல்லாம் குடுத்தீங்க?"

"அக்கம்பக்கத்துல பாக்குறாங்கள்ல. ஒண்ணுமே பண்ணாம இருந்தா என்ன நினைப்பாங்க?"

"தொட்டியத்துப் பொண்ணு வந்தா மட்டும் என்ன ஆயிடும்?"

முதல்முறையாக அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவ கையில ஒரு வயசுப் பொண் குழந்தை இருக்கு. வந்துட்டா, இந்த வீட்ல ஒரு குழந்தை இருக்கும்ல. அவனை அப்பான்னு கூப்பிடும்ல."

அவர் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். மகனுக்காக, வீட்டுக்காக. என்னைப் பற்றியும் அவர் அளவில் யோசித்துத்தான் இருந்தார். நானும் அங்கேயே இருக்கலாம் என்று. நான் எழுந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியாது. சொல்லிடாதே. தாங்க மாட்டான்."

மறுநாள் ஒரு பையில் துணிகளை வைத்துக்கொண்டு பொன்மலைக்கு அப்பாவிடம் போனேன். என் கணவர் பஸ் ஸ்டாப் வரை வந்தார். இரண்டு நாளில் வந்துவிடுவேன் என்று நினைத்தார் போல. "சுவிட்சைப் பாத்துப் போடுங்க, ஷாக் அடிக்குது," என்று ஷெட்டில் ஷீட்டுக்குச் சூடு காட்டுகிற பழைய ஹீட் கன்னைப் பற்றிச் சொன்னேன். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர், "உன்கிட்ட நான் ஒருநாள் தப்பாப் பேசிட்டேன்ம்மா," என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி எங்களுக்குள் பேச்சில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அவர் நான்கைந்து முறை கூப்பிட வந்தார். "வா" என்பார். "அம்மாகிட்ட சொல்றீங்களா?" என்பேன். காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். கடைசியில் இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிவது என்று முடிவாயிற்று.

வக்கீலம்மாவின் அறை சின்னது. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். "காரணம் என்னன்னு நான் தெரிஞ்சுக்கணும்," என்றார் வக்கீலம்மா.

என் கணவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, "குறை என்கிட்டதாங்க மேடம். பழியை இவ மேல போட்டுட்டேன்," என்றார்.

அவர் அதைச் சொல்லக் கேட்க வேண்டும் என்று எத்தனை வருஷம் காத்திருந்தேன். கேட்டபோது அழுகைகூட வரவில்லை. மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றுவதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அதெல்லாம் எழுத வேண்டாம். எதுக்கு உங்க ரெண்டு பேருக்கும் சங்கடம்? ஒத்துப்போகலன்னு ஒரு வரி போட்டுக்கலாம். போதும்," என்றார்.

போட்டோம். கீழே இறங்கி வரும்போது படிக்கட்டுத் திருப்பத்தில் அவர் நின்றார்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே. தாங்க மாட்டாங்க," என்றார்.

"சொல்ல மாட்டேன்," என்றேன்.

தொட்டியத்துப் பெண்ணுக்கு அதற்குள் வேறு இடத்தில் முடிந்துவிட்டது. என் கணவர் அதற்குப் பிறகு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் பாலக்கரைப் பக்கம் இன்னொருவரின் கடையில் கார்களுக்கு ஒட்டுகிற வேலையில் சேர்ந்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

போன வருஷம் மாமியார் இறந்துபோனார். செய்தி வந்ததும் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை; ஒன்பது வருஷம் என் தலைக்கு எண்ணெய் தேய்த்த கை. எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்தபிறகு, அவர் தெருவில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தாடி நரைத்திருந்தது.

"கடைசி வரைக்கும் அம்மாவுக்குத் தெரியாமப் பாத்துக்கிட்டேன்," என்றார். "அந்த ஒரு நிம்மதி."

என் வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். சரியாகத் தூங்காத முகம். ஆனால் அதைச் சொன்னபோது அந்த முகம் உண்மையிலேயே கொஞ்சம் லேசாகியிருந்தது.

"சரிங்க," என்றேன். "எதாவது சாப்பிடுங்க. நான் வரேன்."

சாயங்கால நேரம். பஸ்ஸில் கூட்டம். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை நின்றுகொண்டேதான் போனேன்.